சொறியச் சொறிய ஏன் அரிக்கிறது?

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனாருக்கு மாதக்கணக்காக உடம்பெல்லாம் அரிப்பு. தடிப்போ கொப்புளமோ இல்லை. அவில் மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, அரிப்பு போகவில்லை. "சொறிந்து சொறிந்து பழகிவிட்டார் என்கிறார்கள் வீட்டில். அப்படியும் உண்டா?"

பழக்கம் இல்லை அம்மா, நோய்தான். அவில் தடுப்பது ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளை மட்டும். கொசுக்கடிக்கும் காணாக்கடிக்கும் அது உதவும். ஆறு வாரம் தாண்டிய அரிப்பில் பல வகைகள் ஹிஸ்டமினை நம்பி இருப்பவை அல்ல.

இதை உலகுக்குக் காட்டியதில் நம் பூனைக்காலிக்குப் பங்கு உண்டு. வேலியில் படரும் இந்தக் கொடியின் காயில் இருக்கும் சுணை மேலே பட்டால் என்ன பாடு என்று ஆடு மேய்த்தவர்களுக்குத் தெரியும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைக்கு அது மசியாது. 1955-ல் ஷெல்லி, ஆர்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சுணையில் இருப்பது புரதத்தை வெட்டும் ஒரு நொதி என்று காட்டி, மியூகுனைன் என்று பெயரிட்டார்கள். அது தூண்டுவது வேறு நரம்பிழைகளை என்பது பின்னால் தெரிந்தது. எனக்கு அலுக்காத வியப்பு இனிமேல்தான். இதே கொடியின் விதையிலிருந்து 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் எல்-டோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். நடுக்குவாதத்துக்கு இன்றும் அதுவே முதன்மை மருந்து. சொறியும்போது கிடைக்கிற சுகத்தில் விழித்துக்கொள்வதும் டோபமின் புழங்கும் மூளைப் பகுதிகள்தான். காயில் அரிப்பு, விதையில் சுகத்தின் மூலப்பொருள்!

அந்தச் சுகத்துக்கு விலை உண்டு. அரிப்புச் செய்தியைக் கடத்தத் தண்டுவடத்தில் தனி நரம்பணுக்கள் இருப்பதை 2009-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஷோ-ஃபெங் சென் குழு எலிகளில் கண்டது. 2014-ல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. சொறிந்தால் லேசாக வலிக்கிறது. வலியைத் தணிக்க மூளை செரடோனினை அனுப்புகிறது. அது அந்த அரிப்பு அணுக்களையும் முடுக்கிவிடுகிறது. எங்கள் கிணற்று மோட்டார் ஓடுவது தென்னைக்குத்தான், ஆனால் வாய்க்கால் ஓரத்துக் கோரையும் அதே நீரில் தழைக்கிறது. செரடோனின் சுரக்காத எலிகள் குறைவாகவே சொறிந்தன.

"சொறியாதே" என்று அதட்டுவதில் பயனில்லை என்பது இதனால்தான். அதைவிடக் கொடுமை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவும் க்ளோபெட்டசால் கலந்த களிம்பு. அது வீரியமான ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், படர்தாமரை இருந்தால் பரவும். சீட்டில்லாமல் அதை விற்பதும் வாங்குவதும் நம் ஊர்களில் இவ்வளவு சாதாரணமாகிவிட்டது வேதனை.

மாமனாரைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தோலில் ஒன்றுமில்லாத அரிப்புக்குக் காரணம் பலமுறை அங்கேதான் இருக்கும். நரம்பை அமைதிப்படுத்தும் காபாபென்டின் போன்ற மருந்துகளும் உண்டு, மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை, அரிக்கும் இடத்தில் நனைத்துப் பிழிந்த துணியைப் போடுங்கள். குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தண்டுவடத்திலேயே அரிப்புச் செய்தியை அடக்குகின்றன.