முதலை வாய்ப் பிள்ளை

கெங்குவார்பட்டியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பழநி மலை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அம்மலைகளுக்கு அப்பால், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி நீர்த்தேக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சதுப்புநில முதலைகள் இன்றும் சுயேச்சையாக வாழ்ந்து குஞ்சு பொரிக்கும் இடங்களுள் அது முக்கியமானது.

அதே கொங்கு நாட்டில்தான் அவிநாசித் தலமும் இருக்கிறது. முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீட்ட வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வீட்டு இளைஞர்கள் சிரிக்கக்கூடும். அந்த வாதத்துக்குள் நாம் புகப்போவதில்லை. முதலையின் வாயிலிருந்து பிள்ளைகள் உயிரோடு வெளிவருவது வருஷந்தோறும் நடக்கிற சங்கதி என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். அவை முதலையின் பிள்ளைகள்!

கோடையில் தாய் முதலை கரையில் குழி தோண்டி, சுமார் 25 அல்லது 30 முட்டைகளை இட்டு மண்ணால் மூடுகிறது. கோழியைப் போல் அதன் மேல் உட்காருவதில்லை, வெயிலே அடைகாக்கிறது. தாய் அருகிலேயே காவலிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் சென்றதும் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கீச்சுக் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டதும் தாய் வந்து மண்ணைப் பறிக்கிறது. ஓடு உடையாத முட்டையை வாயில் வைத்து மெல்ல உருட்டி உடைக்கிறது. எலும்பை நொறுக்கும் அதே வாய்தான்! பிறகு குஞ்சுகளை அவ்வாயிலேயே ஏந்திக்கொண்டு போய் நீரில் விடுகிறது. தூரத்திலிருந்து இதைக் கண்டவர்கள், பெற்ற பிள்ளையையே தின்கிறது என்று பழி சுமத்திவிட்டார்கள். பாவம்! மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976-ல் ஏற்பட்ட முதலைப் பண்ணையில், தந்தை முதலையும் குஞ்சுகளைச் சுமப்பதைக் கண்டிருக்கிறார்கள். குழந்தையைக் கையில் வாங்க மறுக்கும் கனவான்கள் கவனிப்பார்களாக.

முட்டைக்குள் இருப்பது ஆணா, பெண்ணா என்பதை நிச்சயிப்பது குழியின் உஷ்ணம். 31 டிகிரி சென்டிகிரேடு வரையில் எல்லாம் பெண். 32½ டிகிரியில் ஆண். இடைவெளி ஒன்றரை டிகிரிதான்.

தோலுக்காகக் கொன்று கொன்று முதலை இனம் அருகிப்போயிற்று. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது; 1975-ல் முதலைகளைக் காக்கும் திட்டத்தைச் சர்க்கார் தொடங்கினர். அமராவதிக் கரையில் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பண்ணையும் ஏற்பட்டது. இப்படி முட்டையை எடுத்துப் பொரிக்கவைப்பவர் மணலின் உஷ்ணத்தில் சற்றே தவறினாலும், அவ்வருஷத்துக் குஞ்சுகள் அத்தனையும் ஒரே இனமாக வந்து நிற்கும். பூமியே சூடேறிவரும் இந்நாளில் ஆற்றங்கரைக் குழிக்கும் அந்த ஆபத்து உண்டு. முட்டைகளின் மேல் மூடியிருக்கும் மண் ஒரு முழ ஆழங்கூட இல்லை.