உங்களுக்குத் தெரியுமா? ஆலை ஓய்ந்தும் வளர்ந்த வேலை

● மறைமலைநகர் ஃபோர்டு கார் ஆலை 2022-ல் ஓய்ந்தது. அதே கம்பெனியின் சென்னை சேவை மையம் ஓயவில்லை. தமிழ்நாட்டில் எங்கள் ஊழியர்கள் சுமார் 12,000 பேர், மூன்றாண்டுகளில் இன்னும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்ப்போம் என்று 2024 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது.

● அந்தச் சேவை மையத்தில் ஸ்பானர் கிடையாது. எங்கோ ஒரு நாட்டு ஆலையில் ஒரு லாரி போல்ட் இறங்குகிறது என்று வையுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் எத்தனை, கேட்டில் இறங்கியது எத்தனை, சப்ளையர் பில் போட்டது எத்தனை? இத்தகைய மையத்தில் இருப்பவர் மூன்றையும் திரையில் வரிவரியாக ஒத்துப் பார்ப்பார். ஓர் எண் இடித்தாலும் பணம் நிற்கும். சம்பளப் பட்டியல், வரி, மென்பொருள், வடிவமைப்பு என்று வேலை இன்னும் விரியும். இதில் பலவும் பி.காம். படித்த பிள்ளை சில மாதம் பழகினால் செய்யக்கூடியவை.

● இத்தகைய மையங்களுக்குத் தமிழக அரசின் 2024-25 பட்ஜெட் ஊதிய மானியம் அறிவித்தது: முதல் ஆண்டு 30 சதவீதம், பிறகு 20, பிறகு 10. ஆனால் மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளமுள்ள வேலைக்குத்தான். புதுப் பட்டதாரிகளுக்கு எடுத்த எடுப்பில் அவ்வளவு யார் தருவார்கள்? மானியம் அவர்கள் மட்டத்துக்கும் இறங்க வேண்டும்.

● நிரந்தர வேலைக்காகக் காத்திருப்போர் சென்னைக்கு வடக்கே கடற்கரையிலும் உண்டு. கடலோரக் காவல் படையின் ‘விக்ரம்’ ரோந்துக் கப்பல் பிறந்தது அங்குள்ள காட்டுப்பள்ளியில், எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில். அந்தத் தளத்துக்காக இடம்பெயர்ந்த மீனவக் குடும்பத்தார், கிடைத்த ஒப்பந்த வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் போராடி வந்திருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

● வேலையைப் பங்கிடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. அருகிலுள்ள பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாள் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்வார்கள்.

● இந்தக் கரைக்கு அருகே பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரியும் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. ஃபோர்டு சேவை மையம் இருக்கும் சோழிங்கநல்லூரோ சென்னை நகரத்தின் மறுகோடி. திரையில் நடக்கும் வேலைக்கு ஊர் ஒரு பொருட்டல்ல. இந்தக் கடற்கரையில் ஆலையும் துறைமுகமும் நடத்துகிறவர்கள், கணக்குப் பிரிவுகளில் ஒன்றையாவது பொன்னேரியில் திறந்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளை நிரந்தர ஊழியர்களாக எடுக்கலாம்.