ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரம் புறப்படுகிறீர்களா? மாற்றுத்துணியை மறக்காதீர்கள். முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், வயதானவர்களின் கையை விட்டுவிடாதீர்கள், தரையெல்லாம் ஈரம். நனைந்த துணியோடு மூலவர் சன்னதிக்குப் போக முடியாது.

தனுஷ்கோடி போகும் வழியில், 1964 புயலைத் தாங்கி நின்ற கோதண்டராமர் கோயில் இருக்கிறது. பலர் இத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில்தான் திருப்புல்லாணி. அங்கே தர்ப்பைப் புல்லில் சயனித்த ராமனைச் சேவிக்கலாம். அதே பகுதியில் உள்ள உத்தரகோசமங்கைக் கோயிலின் மரகத நடராஜரோ ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்புக் களைந்த பச்சைத் திருமேனியைத் தரிசிக்க முடியும்.