நிர்வாகி ஆக்கினா நல்லா எழுதுவாங்களா?

தமிழ் விக்கிப்பீடியா 2003-ல தொடங்கியது. அங்க எழுதுற எல்லாரும் தன்னார்வலர்கள். சிலருக்கு மட்டும் நிர்வாக அணுக்கம் உண்டு: பக்கத்தை நீக்கலாம், பூட்டலாம், விஷமம் பண்றவங்களைத் தடுக்கலாம். அது கிடைச்சா எழுத்து மேம்படுமா?

நம்ம திரேஸ்புரத்துல சங்கு குளிக்கிற ஒரு அண்ணாச்சி சங்கைப் பத்தி எழுத வர்றார்னு வைங்க. எழுத அவருக்கு எந்த அணுக்கமும் வேண்டாம். நீக்குற பட்டனைக் கொடுத்தா கடலைப் பத்தி அவருக்குக் கூடுதலா ஒண்ணும் தெரியப்போறதில்ல. எழுதுற நேரம்தான் குப்பை அள்ளப் போகும். அதுவும் தேவையான வேலைதான்; ஆனா வேற வேலை.

அப்போ எது உதவும்? 2012-ல வெளியான ஓர் ஆய்வுல, ஆங்கில விக்கிப்பீடியாவுல அதிகம் பங்களிக்கிற 1 சதவீதம் பேர்ல சிலருக்குக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து வெறும் பாராட்டுப் பதக்கம் கொடுத்தாங்க. அதிகாரம் எதுவும் இல்ல. அடுத்த 90 நாள்ல, பதக்கம் கிடைக்காதவங்களைவிட அவங்க பங்களிப்பு சுமார் 60 சதவீதம் அதிகம். எண்ணினது திருத்தங்களை, தரத்தை இல்ல. இருந்தாலும், அதிகாரம் இல்லாத பாராட்டும் உழைப்பைக் கூட்டும்னு தெரியுது.

அதனால அணுக்கத்தைப் பரிசாக் கொடுக்க வேண்டாம். அந்த வேலையைச் செய்யறவங்களுக்குக் கொடுப்போம். அண்ணாச்சிக்கு, எந்தத் தகவல் நல்லா இருந்ததுன்னு பேச்சுப் பக்கத்துல ரெண்டு வரி எழுதுவோம். முதல் கட்டுரையையே சட்டுன்னு நீக்கிட்டா, அவர் திரும்பி வரமாட்டார்.