தலை தேய்ந்த திருகாணி

ஒரு தையல்கார அம்மாவை நினைத்துக் கொள்வோம். அவரிடம் இருப்பது காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. சீருடைத் துணி குவிந்து கிடக்கிறது. ஆனால் மிஷினில் துணி நகர மறுக்கிறது. ஒரே இடத்தில் நின்று தைக்கிறது. நூல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கொள்கிறது.

காரணம் அவருக்குத் தெரியும். ஊசிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் இடுக்கில் சின்னப் பற்கள் மேலும் கீழும் ஏறி இறங்கும். அவைதான் துணியைத் தள்ளுகின்றன. பற்களுக்கு நடுவில் பஞ்சும் தூசியும் அடைத்துக் கொண்டால் துணி நகராது. தட்டைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

தட்டை இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் பிடித்துக் கொண்டிருக்கின்றன. ஒன்று வந்துவிட்டது. மற்றொன்று வரவில்லை. திருப்புகிற ஒவ்வொரு தடவையும் திருப்புளி வழுக்குகிறது. ஐந்து நிமிட வேலை அரை நாளை விழுங்குகிறது.

இந்தத் தொல்லை தையல் மிஷினுக்கு மட்டும் வருவதல்ல. மிக்சியின் அடித்தட்டு, ரேடியோவின் பின்மூடி, டார்ச், சுவிட்ச் பெட்டி என்று எல்லா இடத்திலும் வரும். ஒன்றைப் புரிந்து கொண்டால் மற்றவையும் புரியும்.

தேய்ந்தது எது?

காதுத் தோட்டின் திருகாணியைக் கவனித்தால் ஸ்க்ரூவின் வேலை விளங்கும். தண்டைச் சுற்றி மெல்லிய வரி ஒன்று ஏணிபோல ஏறிக் கொண்டே போகும். அதற்கு மரை என்று பெயர். அதே மாதிரி மரை ஓட்டைக்கு உள்ளேயும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக் கொள்ளும். புத்தி பேதலித்தவனை ‘மரை கழண்டவன்’ என்று கேலி பேசுவது இதிலிருந்து வந்த பேச்சுதான்.

ஸ்க்ரூவின் தலையில் ஒரு வெட்டு இருக்கும். அதில்தான் திருப்புளியின் நுனி உட்காரும். ஒற்றைக் கோடு மாதிரியான வெட்டு ஒரு வகை. பெருக்கல் குறி மாதிரியான வெட்டு இன்னொரு வகை. இதைக் கடைகளில் ஸ்டார் ஸ்க்ரூ என்பார்கள். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் பிலிப்ஸ் ஸ்க்ரூ என்ற பெயரும் உண்டு.

தலை தேய்ந்தது வேறு, மரை தேய்ந்தது வேறு. இதை முதலில் கவனிக்க வேண்டும். திருப்புளி மட்டும் வழுக்குகிறது, ஸ்க்ரூ அசையவில்லை என்றால் தலை தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூ சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் மேலே எழவில்லை என்றால் மரை போய்விட்டது. மரை போனதற்கு வைத்தியம் வேறு. தையல்கார அம்மாவுக்கு வந்தது தலை தேய்ந்த நோய். உள்ளே மரை நன்றாகவே இருக்கிறது.

ஏன் வழுக்குகிறது?

பெரும்பாலும் குற்றம் திருப்புளியுடையது. வெட்டு அகலமாக இருக்கும், திருப்புளியின் நுனி குறுகலாக இருக்கும். அல்லது பல வருடம் டப்பா மூடி நெம்பி, ஆணி பிடுங்கி, நுனி உருண்டு போயிருக்கும். உருண்ட நுனி வெட்டுக்குள் இறங்காது. ஓரத்தில் மட்டும் தொடும். பலமாகத் திருப்பினால் ஓரத்தைச் சீவிவிட்டு மேலே எழும்பிவிடும்.

ஒரு தடவை வழுக்கினால் கொஞ்சம் உலோகம் போகிறது. அடுத்த தடவை பிடிப்பதற்கு அதைவிடக் குறைவான இடமே மிச்சம் இருக்கும். அதனால் அடுத்த வழுக்கல் இன்னும் சுலபமாக நடக்கும். கோபத்தில் பத்துத் தடவை திருப்பினால் வெட்டே இருக்காது. ஆகவே முதல் வழுக்கலிலேயே கையை எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது.

ஸ்டார் ஸ்க்ரூவில் குழியின் சுவர்கள் சாய்வாக இருக்கும். அதனால் அழுத்தம் குறைந்த உடனே திருப்புளி தானாக மேலே ஏறும். ஸ்டார் திருப்புளியில் அளவும் உண்டு. 0, 1, 2, 3 என்று எண் பொறித்திருப்பார்கள். வீட்டுச் சாமான்களுக்குப் பெரும்பாலும் 1 அல்லது 2 சரியாக இருக்கும். வாங்கும்போது எண்ணைப் படித்து வாங்குவது நல்லது. ஜப்பான் முறையில் செய்த சில சாமான்களில் ஸ்டார் வெட்டின் வடிவம் கொஞ்சம் மாறுபடும். அப்படிப்பட்ட ஸ்க்ரூவின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருப்பது உண்டு. சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல் வழுக்கும்.

உள்ளே ஸ்க்ரூ இறுகிக் கிடப்பதற்கும் காரணங்கள் உண்டு. இரும்பு துருப்பிடித்தால் துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளும். மரைகளுக்கு நடுவே அது ஆப்பு மாதிரி இறுகும். தையல் மிஷினில் இன்னொரு வினை இருக்கிறது. மிஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டதே என்று சிலர் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது நாளடைவில் பிசின் மாதிரி காய்ந்து போகும். பஞ்சும் அதோடு சேர்ந்து ஒட்டிக் கொள்ளும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் உரியது.

கழற்றும் வழி

மோட்டார் வைத்த மிஷினாக இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் பெட்டியாக இருந்தால் மெயினை நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் திருப்புளியைத் தொடலாம். மிதி மிஷினில் ஊசியைக் கழற்றி வைத்து, பாதத்தை மேலே தூக்கிவிட வேண்டும். கை வழுக்கினால் ஊசி குத்தாமல் இருக்கும்.

முதல் வேலை வெட்டைச் சுத்தம் செய்வது. பலர் இதைச் செய்வதில்லை. வெட்டுக்குள் அழுக்கும் பஞ்சும் கல் மாதிரி இறுகி இருக்கும். ஒரு பழைய ஊசியால் அதைத் தோண்டி எடுத்தால், தேய்ந்தது என்று நினைத்த வெட்டில் பாதி ஆழம் இன்னும் இருப்பது தெரியும்.

அடுத்து சரியான திருப்புளி. நுனியின் அகலம் வெட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். தடிமன் வெட்டை நிரப்ப வேண்டும். உள்ளே வைத்து அசைத்தால் ஆடக் கூடாது. பழைய மிஷின் வாங்கும்போது பெட்டியில் ஒரு சின்னத் திருப்புளி கொடுத்திருப்பார்கள். அது பெரும்பாலும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகி எங்கோ கிடக்கும். தேடி எடுப்பது நல்லது. கிடைக்காவிட்டால் உருண்டு போன நுனியை அரத்தால் தட்டையாக ராவிக் கொள்ளலாம்.

பிறகு எண்ணெய். ஸ்க்ரூவைச் சுற்றி இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விட வேண்டும். அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இடுக்கில் சீக்கிரம் இறங்கும். விட்ட உடனே திருப்பக் கூடாது. இரவு முழுவதும் ஊறட்டும். அவசர வேலை இருக்கும்போது காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் எண்ணெய் செய்யும் வேலையைக் கை பலம் செய்யாது.

காலையில் திருப்புளியை நேராக நிறுத்தி, பிடியின் தலையில் ஒரு சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். மெதுவாக என்பதை மறக்கக் கூடாது. மிஷினின் உடம்பு வார்ப்பிரும்பு. பலமான அடி விழுந்தால் அது வளையாது, உடைந்து போகும்.

இப்போது திருப்பலாம். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் ஸ்க்ரூ இறுகும். அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும். சைக்கிளின் இடது பெடல் போன்ற சில இடங்களில் மட்டும் இது தலைகீழ். மேலிருந்து உடம்பின் பாரத்தைத் திருப்புளி மேல் இறக்க வேண்டும். பலத்தில் முக்கால் பங்கு அழுத்துவதற்கு, கால் பங்கு திருப்புவதற்கு. முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிப் பார்க்கலாம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் துருவின் பிடி எந்தப் பக்கம் திருப்பினாலும் விடும். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் காரியம் பலித்தது என்று அர்த்தம்.

ஸ்டார் ஸ்க்ரூவாக இருந்தால் அகலமான ரப்பர் பேண்டு ஒன்றைக் குழியின் மேல் விரித்து, அதன் மேல் திருப்புளியை அழுத்தித் திருப்பலாம். ரப்பர் பள்ளத்தை நிரப்பிப் பிடிப்புக் கொடுக்கும். பலரும் சொல்லும் யோசனை இது. தலை மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் பலிக்கும். துருவேறிய ஸ்க்ரூவிடம் இது செல்லாது. தலை வெளியே துருத்திக் கொண்டிருந்தால் இன்னும் சுலபம். ஆக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே புது வெட்டுப் போட்டுக் கொள்ளலாம். குறடால் தலையைக் கவ்வியும் திருப்பலாம். ஊசித் தட்டின் ஸ்க்ரூவுக்கு இந்த இரண்டும் உதவாது. அதன் தலை தட்டோடு தட்டாகப் பதிந்திருக்கும். பிளேடு போட்டால் தட்டில் கீறல் விழும். அந்தக் கீறலில் துணி மாட்டும்.

சூடும் உதவும். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயம் பற்ற வைக்கும் கம்பியை ஸ்க்ரூவின் தலையில் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்தால், இரும்பு விரிந்து சுருங்கும்போது பிடி தளரும். அதற்கு முன் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெயில் ஊறிய பஞ்சு திரி மாதிரி. தீ பிடித்துக் கொள்ளும்.

வெட்டே இல்லாமல் போனால்

அப்போது ஸ்க்ரூவைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஸ்க்ரூ சில ரூபாய். மிஷின் பல ஆயிரம். அதைவிட, அதுதான் வீட்டின் அடுப்பு எரியக் காரணம். ஸ்க்ரூ அழியலாம், ஓட்டையின் மரை அழியக் கூடாது.

கூர்மையான சென்டர் பஞ்சைத் தலையின் ஓரத்தில் வைத்துக் கழலும் பக்கமாகச் சாய்த்து, லேசாகத் தட்டித் தட்டி நகர்த்துவது ஒரு வழி. தலை சிதைந்து போகும். ஆனால் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும். அதுவும் நடக்காவிட்டால் டிரில் மிஷின்தான். நடுவில் பஞ்சால் ஒரு குழி அடித்து, ஸ்க்ரூத் தண்டின் தடிமனுக்குச் சமமான பிட்டை வைத்து, தலையை மட்டும் துளைத்து எடுக்க வேண்டும். தலை போனதும் தட்டு கையோடு வந்துவிடும். மீதித் தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். தலையின் இறுக்கம் போய்விட்டதால் அதைக் குறடால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

டிரில் பிடித்துப் பழக்கம் இல்லாதவர் இதை ரிப்பேர்காரரிடமோ லேத் பட்டறையிலோ விடுவதுதான் சரி. அங்கே போனால் வேலைக்கு முன்பே கூலியைக் கேட்டுக் கொள்ளலாம். “தலையை மட்டும் எடுங்க அண்ணே, ஓட்டையைப் பெரிசாக்காதீங்க” என்று சொல்லிவிடுவதும் அவசியம். அவசரக்காரர் சிலர் முழுதாகத் துளைத்துப் பெரிய மரை போட்டுவிடுவார்கள். பிறகு பழைய அளவு ஸ்க்ரூ அதில் நிற்காது.

காயம் படாமல் இருக்க

வழுக்கும் திருப்புளி எதிரில் இருக்கும் கையைத்தான் குத்தும். பாபின் கேஸில் இருக்கும் கடுகளவு ஸ்க்ரூவைப் பலர் உள்ளங்கையில் வைத்துக் கொண்டே திருப்புகிறார்கள். அது கூடாது. மேஜை மேல் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் வைத்துத் திருப்ப வேண்டும். நூலின் இறுக்கத்தைச் சரி செய்ய அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினாலே போதும். கழற்றவே தேவையில்லை. கழன்று விழுந்தால் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் உதவும்.

டிரில் போடும்போது இரும்புத் தூள் கண்ணில் தெறிக்கும். கண்ணாடி போட்டுக் கொள்ள வேண்டும். திருப்புளி ஆழமாகக் குத்திவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்ட வேண்டும். டி.டி. ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

புது ஸ்க்ரூ போடுவது

பழைய ஸ்க்ரூவைத் தூக்கி எறியக் கூடாது. அதைக் காட்டித்தான் புதியது வாங்க வேண்டும். தையல் மிஷின் ஸ்க்ரூக்களின் மரை தனி அளவு. இரும்புக்கடையில் விற்கும் ஸ்க்ரூ பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் மரை பொருந்தாது. அதைக் கட்டாயப்படுத்தி முறுக்கினால் மிஷினின் மரை கெட்டுவிடும். தையல் மிஷின் பாகங்கள் விற்கும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஊசி டப்பாவில் போட்டு வைக்கலாம்.

ஓட்டையைத் துடைத்து, பற்களுக்கு இடையே இருக்கும் பஞ்சைப் பிரஷால் எடுத்துவிட்டுத் தட்டை வைக்க வேண்டும். ஸ்க்ரூவின் மரையில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவ வேண்டும். முதலில் கழலும் பக்கமாக விரலால் மெதுவாகச் சுற்றினால், மரை வாயில் விழுவது கைக்குத் தெரியும். அங்கிருந்து இறுக்கும் பக்கம் விரலாலேயே முடிந்தவரை சுற்ற வேண்டும். கடைசியில்தான் திருப்புளி. ஸ்க்ரூ நின்ற பிறகு ஒரு சின்ன இறுக்கு இறுக்கினால் போதும்.

ஊசியை மாட்டி, கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி தட்டில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கழிவுத் துணி ஒன்றில் நாலு வரி தைத்தால் எண்ணெய்க் கறை அதிலேயே போய்விடும். சீருடைத் துணியை அதற்கப்புறம் எடுக்கலாம்.