ஒரே மரபணு, இரண்டு கட்டளை!

 

கொசு கடிக்காத ஆள் நம்ம பள்ளிக்கூடத்தில் யாராவது உண்டா? கிடையாது! கடிப்பது எல்லாமே பெண் கொசுதான் என்று பாடத்தில் படித்திருப்போம். முட்டை வளர அதற்கு ரத்தம் வேணும். ஆண் கொசு பாவம், பூவில் உள்ள தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும்.

இப்போ ஒரு கேள்வி. ‘நீ ஆணாக வளர், நீ பெண்ணாக வளர்’ என்று கொசுவின் உடம்புக்குச் சொல்வது யார்? ஆணுக்கு ஒரு மரபணு, பெண்ணுக்கு வேறு மரபணு என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை! அந்தக் கட்டளையைத் தருவது இரண்டிலும் ஒரே மரபணுதான். அதை வெட்டி ஒட்டும் விதத்தில்தான் வித்தியாசமே இருக்கு. அது எப்படி என்று பார்ப்போமா?

வெட்டு, ஒட்டு!

நம் செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. அதில் ஒரு புரதம் செய்வதற்கான குறிப்பு எழுதியிருக்கும் பகுதிதான் மரபணு. செல் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துப் பயன்படுத்தாது. முதலில் ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கும். அந்த நகலைப் பார்த்துத்தான் அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதம் செய்யும்.

1977ல் ஓர் ஆச்சரியம் தெரிய வந்தது. நகல் முழுவதும் பயன்படுவதில்லை! நடுநடுவே உள்ள சில துண்டுகளைச் செல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொள்கிறது. சினிமாவில் எடுத்த காட்சிகளை எடிட்டர் வெட்டி ஒட்டுகிற மாதிரி. எறியும் துண்டுக்கு இன்ட்ரான் என்றும், வைத்துக்கொள்ளும் துண்டுக்கு எக்ஸான் என்றும் பெயர். இதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைவிடப் பெரிய ஆச்சரியம், ஒரே நகலைச் செல் இரண்டு மூன்று விதமாகவும் வெட்டி ஒட்டும் என்பது. இதை ஆல்டர்னேட்டிவ் ஸ்பிளைசிங் என்கிறார்கள். நாம் ‘மாற்றி ஒட்டுதல்’ என்று வைத்துக்கொள்வோம்.

செய்து பாருங்கள்!

ஒரு நீளமான துண்டுத்தாளில் இப்படி எழுதுங்கள்:

வாசல் கதவை / கசடதபற / திற / யரலவழள / மூடு

கசடதபற, யரலவழள இரண்டுக்கும் இங்கே வேலை இல்லை. வெட்டிப் போடுங்கள். இப்போ ‘வாசல் கதவை’யோடு ‘திற’ என்பதை ஒட்டினால் ஒரு கட்டளை. ‘திற’வையும் எடுத்துவிட்டு ‘மூடு’ என்பதை ஒட்டினால் நேர் எதிரான கட்டளை! (ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தமிழம்மா கேட்பார்கள்!)

முன்பகுதி எந்தக் கதவு என்று சொல்கிறது. வால்பகுதி என்ன செய்யணும் என்று சொல்கிறது. இதை மறக்காதீங்க, பின்னால் வரும்.

மனித டி.என்.ஏ.யைப் படித்து முடிப்பதற்கு முன்பு, நம்மிடம் லட்சம் மரபணுக்கள் இருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000தான் என்று பிறகு தெரிந்தது. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மாற்றி ஒட்டப்படுகின்றன. கொஞ்சம் மரபணுவை வைத்துக்கொண்டு நிறையப் புரதம் செய்யும் சிக்கனம் இது.

சுவிட்ச் புரதங்கள்

புரதங்களில் சில செங்கல் மாதிரி, உடம்பைக் கட்ட உதவும். சில சுவிட்ச் மாதிரி. அவை டி.என்.ஏ. மேலே போய் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை ‘வேலை செய்’ என்று போடும், அல்லது ‘நிறுத்து’ என்று அணைக்கும். ஒரு செங்கல் மாறினால் ஒரு சுவர்தான் மாறும். மெயின் சுவிட்ச் மாறினால்? வீட்டில் எல்லா விளக்கும் மாறுமே! அதனால்தான் சுவிட்ச் புரதத்தை மாற்றி ஒட்டுவது ரொம்பப் பெரிய விஷயம்.

இதற்கு நல்ல உதாரணம், கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தக் குட்டிப் பழ ஈ. டிரோசோஃபிலா என்பார்கள். அதில் ‘டபுள்செக்ஸ்’ என்று ஒரு மரபணு உண்டு. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீங்க! ‘இரு பால்’ என்றுதான் அர்த்தம். நான் ‘இருபால் மரபணு’ என்றே எழுதுகிறேன்.

இதில் 6 எக்ஸான் துண்டுகள். பெண் ஈ 1, 2, 3, 4 என்று ஒட்டும். ஆண் ஈ 4ஐ விட்டுவிட்டு 1, 2, 3, 5, 6 என்று ஒட்டும். கிடைக்கும் இரண்டு புரதத்திலும் முதல் 397 அமினோ அமிலங்கள் ஒன்றேதான். அதற்குப் பிறகு பெண்ணுக்கு 30 சேரும், மொத்தம் 427. ஆணுக்கு 152 சேரும், மொத்தம் 549.

டி.என்.ஏ.வைப் பிடிக்கும் கை அந்த முன்பகுதியில் இருக்கிறது. அதனால் இரண்டு புரதமும் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். ஆனால் வால் வேற! நம்ம துண்டுத்தாள் ஞாபகம் வருதா?

உதாரணம் ஒன்று: முட்டையின் மஞ்சள் கரு செய்யும் மரபணுக்கள். பெண் புரதம் உட்கார்ந்தால் அவை வேலை செய்யும். ஆண் புரதம் உட்கார்ந்தால் அணைந்துவிடும்.

உதாரணம் இரண்டு: வயிற்றின் நுனியில் கறுப்பு நிறம் வராமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. பெண் புரதம் அதைப் போடும், அதனால் பெண்ணுக்கு நுனி அடர்கறுப்பு ஆவதில்லை. ஆண் புரதம் அதை அணைக்கும், அதனால் ஆணுக்கு நுனி கறுப்பு. இந்த ஈயின் முழுப்பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். மெலனோகாஸ்டர் என்றால் கறுப்பு வயிறு!

4ஆம் துண்டைச் சேர்க்கணுமா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? அந்தப் புரதத்தின் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். (நம்ம ஊர் ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மர் இல்லை!) 4ஆம் துண்டின் தொடக்கத்தில் உள்ள அடையாளம் மங்கலாக இருக்கும். வெட்டி ஒட்டும் இயந்திரம் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடும். பெண் ஈயில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் 4ஆம் துண்டின் மேல் உட்கார்ந்து ‘இங்கே வா’ என்று இயந்திரத்தைக் கூப்பிடும்.

இருபால் மரபணுவே இல்லை என்றால் ஈ ஆணாகவும் முழுசாக வளராது, பெண்ணாகவும் வளராது. நடுவில் நிற்கும். ஆக, ‘ஆணில் ஏதோ குறைந்தால் பெண்’ என்று யாராவது சொன்னால் இந்த ஈயைக் காட்டுங்கள். அதில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டளை தேவைப்படுகிறது.

மனிதர்களில் ஆண், பெண் முடிவாகும் வழி வேறு. ஆனால் மாற்றி ஒட்டும் சுவிட்ச் புரதம் நமக்கும் முக்கியம். டபிள்யூ.டி.1 என்ற சுவிட்ச் புரதம் நம் உடம்பில் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்றில் வெறும் 3 அமினோ அமிலம் கூடுதல், அவ்வளவுதான். இரண்டும் சரியான அளவில் இருக்கணும். வெட்டும் இடத்தில் பிழை வந்து அந்த அளவு மாறினால், சிறு வயதிலேயே சிறுநீரகம் கெட்டுப்போகும் ஃப்ரேசியர் நோய் வரலாம்.

மலேரியாவும் 5ஆம் துண்டும்

சரி, கொசுவுக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் காம்பியே கொசுவிலும் இருபால் மரபணு உண்டு. அதில் 5ஆம் துண்டைச் சேர்த்தால் பெண், தாண்டினால் ஆண்.

2018ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள், அந்த 5ஆம் துண்டின் எல்லையை வெட்டும் கிரிஸ்பர் கருவியைக் கொசுவின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே வைத்தார்கள். சாதாரணமாக ஒரு மாற்றம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். இது தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். ஆண் கொசுவுக்கு 5ஆம் துண்டே தேவையில்லை, அதனால் அது நல்லாவே இருந்து மாற்றத்தைப் பரப்பும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாற்றம் வாங்கிய பெண் கொசுவால் கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. கூண்டில் இருந்த கொசுக்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் இல்லாமலே போயின! 2021ல் இத்தாலியில் பெரிய கூண்டுகளில் செய்தபோதும் ஒரு வருஷத்துக்குள் இதே முடிவுதான்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 2023ல் மட்டும் மலேரியாவால் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் உள்ள 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம்ம அங்கன்வாடிப் பிள்ளைகள் வயசு.

அப்படின்னா அந்தக் கொசுக்களை உடனே வெளியே விடலாமா? எனக்குச் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வரவில்லை. கூண்டுக்குக் கதவு உண்டு, காட்டுக்குக் கதவு இல்லை. ஒரு நாட்டில் விட்டால் பக்கத்து நாட்டுக்கும் பறக்கும். அந்தக் கொசுவைத் தின்னும் சிலந்தி, மீன், வௌவாலுக்கு என்ன ஆகும் என்றும் பார்க்கணும். ஆனால் ‘பொறுங்கள், யோசிப்போம்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு வருஷமும் குழந்தைகள் இறக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு எடுக்கணும். முடிவில் அந்த ஊர் மக்களுக்கும் பங்கு இருக்கணும் என்பது என் கருத்து.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ‘விடலாம்’, ‘விடக் கூடாது’, எதுவானாலும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி இந்தச் சுவர்ப் பத்திரிகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். அப்படியே ‘வாசல் கதவை’ மாதிரி நீங்களே ஒரு துண்டுத்தாள் வாக்கியம் செய்து போடுங்கள். நல்லவை அடுத்த இதழில் வரும்.

அதுவரை வீட்டில் தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். நம்ம ஊர்க் கொசுவுக்கு இப்போதைக்கு அதுதான் சுவிட்ச்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி