விளையாட்டே பாடமாகும் பருவம்

அங்கன்வாடிக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, "குழந்தை எழுதத் தொடங்கிவிட்டதா?" என்பதாகும். மேற்பார்வையாளரின் பார்வையும் சிலேட்டையே நாடுவதுண்டு. குழந்தைகள் மணலில் விளையாடிக் கொண்டிருந்தால், பாடம் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணப்படுகிறது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான பருவத்தில் விளையாட்டே பாடம் என்பதை உணராமையே இதற்குக் காரணம்.

முன்னோடிகள்

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. குஜராத்தின் பாவ்நகரில் 1920-ஆம் ஆண்டு கிஜுபாய் பதேக்கா பாலமந்திர் ஒன்றைத் தொடங்கினார். அச்சத்திற்கும் தண்டனைக்கும் இடமளிக்காமல், குழந்தையின் விருப்பத்திற்கு மதிப்பளிப்பதே அவருடைய முறை. அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் தம் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். வார்லி பழங்குடிக் குழந்தைகள் பள்ளியை நாடி வரவில்லை. எனவே பள்ளியே அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திற்குச் சென்றது. கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை ஆகியவையே கற்பித்தற் கருவிகள் ஆயின. 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயர் இந்த அனுபவத்தை நினைவூட்டுகிறது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் இப்பெயரை நாடெங்கும் பரப்பியது.

விளையாட்டில் நிகழ்வது என்ன?

சிறிய கிண்ணத்தால் மணலை அள்ளிப் பெரிய பாத்திரத்தை நிரப்பும் குழந்தை, அளவை அறிகிறது. விதைகளை நிறம் பார்த்துப் பிரிக்கும்போது வகைப்படுத்தக் கற்கிறது. களிமண் பிசைவதும் மணி கோப்பதும் பின்னர் எழுதுகோல் பிடிக்கவிருக்கும் விரல்களைப் பழக்குகின்றன. கடை வைத்து விளையாடும் நால்வர், யார் விற்பவர், யார் வாங்குபவர் என்று பேசி முடிவு செய்கின்றனர். மொழியும் பொறுமையும் விட்டுக்கொடுக்கும் இயல்பும் அங்கே வளர்கின்றன.

தேர்வு குழந்தையுடையதாக இருத்தல் இன்றியமையாதது. தானே அடுக்கிய கட்டைகள் சரிந்தால், குழந்தை அடிப்பகுதியை அகலமாக்கி மீண்டும் முயல்கிறது. பெரியவர் ஆணையிட்டு அடுக்கச் செய்தால், அது பெரியவரின் முகத்தை நோக்கிக் காத்திருக்கிறது.

பணியாளரின் பங்கு

இம்முறையில் பணியாளருக்கு வேலை குறைவு என்று கருதுவது தவறு. பொருள்களைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தல், கூர்ந்து கவனித்தல், தக்க தருணத்தில் ஒரு சொல்லோ கேள்வியோ தருதல் ஆகியவை அவருடைய கடமைகள். 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, சுதந்திர விளையாட்டு, வழிகாட்டப்பட்ட விளையாட்டு, திட்டமிட்ட விளையாட்டு ஆகிய மூன்றிற்கும் இடமளிக்கிறது.

கொள்கையும் நடைமுறையும்

எழுத்தையும் கணக்கையும் முறைப்படி இப்பருவத்தில் புகுத்தலாகாது என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே எச்சரித்தது. 2020-ஆம் ஆண்டின் கொள்கையும் விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்துகிறது. எனினும் நடைமுறை பின்தங்கியே நிற்கிறது. எடை பார்த்தல், உணவு வழங்கல், பதிவேடு எழுதுதல் ஆகிய பணிகளுக்கிடையே, குழந்தைகளை வரிசையில் அமர்த்தி எழுத்துகளை ஒப்பிக்கச் செய்வது பணியாளருக்கு எளிதாகிவிடுகிறது.

தம் குழந்தை பின்தங்கிவிடுமோ என்னும் ஏழைப் பெற்றோரின் அச்சம் நியாயமானது. அதைப் புறக்கணித்தல் ஆகாது. மாதம் ஒருமுறை அவர்களை மையத்திற்கு அழைத்து, குழந்தை எண்ணுவதையும் கதை சொல்வதையும் நேரில் காணச் செய்யலாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் மூன்றைக் கவனித்தாலே போதும்: பொருள்கள் பூட்டிய பெட்டியில் உள்ளனவா, குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா? குழந்தைகள் தாமே தேர்ந்து விளையாட நாள்தோறும் நேரம் உண்டா? ஒரு குழந்தை இவ்வாரம் புதிதாகச் செய்தது என்ன என்பதைப் பணியாளரால் கூற முடிகிறதா?

இவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை, கல்வியை அச்சத்தோடு சந்திக்கிறதா, ஆவலோடு சந்திக்கிறதா என்பது பெரிதும் இந்த மூன்றாண்டுகளில் முடிவாகிறது. சிலேட்டில் காணும் எழுத்தைவிட அந்த ஆவலே நிலையான அடித்தளம்.